என் ஹவுஸ் ஓனர் சசிரேகா

வருமான வரித்துறையை ஒரு ரூபாய் கூட ஏமாற்றாமல், அதே சமயம் ஒரு ரூபாய் கூடக் கூடுதலாகக் கட்டாமல், சட்டத்தின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்து சவாரி போய்விடுவது என்று நான் முடிவெடுத்தது 2024 ஏப்ரலில். ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஷிஃப்ட் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில்.

என் பெயர் பலராமன். ஒரகடத்தில் கார் சீட்டு தைக்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற சூப்பர்வைசர். அதாவது அடுத்தவன் போட்ட தையலில் தப்பு கண்டுபிடிப்பவன். அதற்குத்தான் சம்பளம். இருபது வருஷமாக அதைச் சரியாகச் செய்வதால் சம்பளம் ஏறியது. சம்பளம் ஏறியதும் வரி வந்தது. முதலில் சம்பளச் சீட்டில் ஒரு வரி. பிறகு என் நெற்றியில் மூன்று வரி.

அந்த வரியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபோதுதான், பக்கத்து சீட்டு நம்பிராஜன் வாயைத் திறந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். எங்கள் லைனில் வேலை. உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் எதுவும் இல்லை. தெரிந்ததை வைத்து உருப்பட்ட விஷயமும் எதுவும் இல்லை.

"அண்ணே, நீங்க குடியிருக்கது வாடகை வீடா, சொந்த வீடா?"

"சொந்த வூடுதான்."

"யார் பேர்ல இருக்கு?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பஸ் சத்தத்தில் எனக்குக் காது கேட்காது. அன்று பார்த்து பஸ் சிக்னலில் நின்றுவிட்டது.

"என் சம்சாரம் பேர்ல," என்றேன் மெதுவாக.

"அண்ணே! லாட்டரி அடிச்சிருக்கு உங்களுக்கு! நான் எங்கம்மைக்கு மாசம் எட்டாயிரம் வாடகை குடுக்கேன். ரசீது வாங்கிக் கம்பெனியில குடுத்தேன். வரி அப்படியே குறைஞ்சிட்டு. நீங்க மதினிக்கு வாடகை குடுங்க. பணம் எங்க போகுது? ஒரு பாக்கெட்ல இருந்து எடுத்து இன்னொரு பாக்கெட்ல போடுதீக. அவ்வளவுதான!"

ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொரு பாக்கெட். இரண்டும் என் பேண்ட்டில்தான் இருக்கின்றன என்று நான் நினைத்துக்கொண்டேன். அங்கேதான் தையல் பிரிந்தது.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து நாலு நிமிஷ நடை. கீழே மூன்று ரூம். மேலே ஒரே ஒரு ரூம், பாத்ரூம் இல்லாமல் அரைகுறையாக. என் மாமனார் நிலத்தை விற்று வந்த பணத்தில் கட்டி, கல்யாணத்தின்போது மகள் பெயரில் செட்டில்மென்ட் எழுதிவைத்த வீடு. மனை அவள் பெயரில் இருப்பதால்தான் மனைவி என்கிறார்களோ என்னவோ. ஆனால் வெளியில் நான் ஒருபோதும் "நம்ம வூடு" என்று கூடச் சொன்னதில்லை. "என் வூடு" என்றுதான் சொல்வேன். இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது.

அன்று சாயங்காலம் சசிரேகாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் உனக்கு மாசாமாசம் வாடகை தர்ற மாதிரி ஒரு பேப்பர் போடணும்."

கத்தி நின்றது. "இன்னாது?"

"வாடகை. இந்த வூட்ல நான் குடியிருக்கறதுக்கு."

"உங்களுக்கு உடம்பு எதுனா சரியில்லையா?"

"சும்மா பேப்பருக்குத்தான் சசி. வரி மிச்சமாவும். ஒண்ணும் புரியலன்னா உடு. நான் சொல்ற எடத்துல கையெழுத்து மட்டும் போடு."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், சிரிப்பை அடக்கினால்கூடக் கண்ணில் தண்ணீர் வரும் இல்லையா?

"சரிங்க. நீங்க சொன்னா சரிதான்," என்றாள்.

இந்த வாக்கியத்தை என் மனைவி சொன்னால் நான் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

படப்பை பஸ் ஸ்டாப்பிங் பக்கத்தில் பேக்கரிக்கு மேல்மாடியில் ஒரு சின்ன வக்கீல் ஆபீஸ். 'சந்திரலேகா, வழக்கறிஞர். வாடகை ஒப்பந்தம், உயில், பாகப்பிரிவினை, வில்லங்கம், வருமான வரி ஆலோசனை' என்று போர்டு. கீழே பஃப்ஸ் வேகிற வாசனை, மேலே சட்டம் வேகிற வாசனை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். சாட்சிக்கு நம்பிராஜன் வந்தான், பஃப்ஸுக்காக.

சந்திரலேகா மேடத்துக்கு அம்பது வயது இருக்கும். அமைதியான குரல். எதைச் சொன்னாலும் கடைசியில் "ரெண்டு பேருக்கும் நல்லது" என்று முடிப்பார். வீடு யாரோடது என்று கேட்டார், நான் சசிரேகாவைக் கை காட்டி "இவங்க வூடு" என்றேன்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சார். புது வரி முறைக்கு மாறிட்டீங்கன்னா இந்த வாடகை சமாச்சாரமே வேணாம். நீங்க கட்டற வரி ஏறக்குறைய அதேதான் வரும்."

'ஏறக்குறைய' என்ற வார்த்தை எனக்குப் பிடிக்காது. ஏறக்குறைய சரியாக இருக்கிற சீட்டில் உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். "வேணாம் மேடம், வாடகையே போடுங்க," என்றேன் கம்பீரமாக.

"சரி. ஆனா சம்சாரத்துக்கு வாடகைன்னா டிபார்ட்மென்ட் சந்தேகமாத்தான் பார்க்கும். அதனால இது உண்மையா இருக்கணும்."

"உண்மைதான் மேடம். உண்மையாவே நான் அங்கதான் குடியிருக்கேன்."

"அது இல்ல சார். வாடகை உண்மையா பேங்க் வழியா போகணும். போன பணம் போனதுதான். திரும்பி உங்க கைக்கு வந்துச்சுன்னா அது வாடகை இல்ல, நாடகம். அவங்க அதைத் தன் வருமானமா காட்டணும். ஒப்பந்தத்தை ஆன்லைன்ல பதிவும் பண்ணணும். பேப்பர்ல ஒண்ணு, வீட்ல ஒண்ணுன்னு இருந்தா நாளைக்குப் பிரச்சினை உங்களுக்குத்தான். உண்மையா இருந்துட்டா ரெண்டு பேருக்கும் நல்லது."

நான் தலையாட்டினேன். வக்கீல்கள் இப்படித்தான் பயமுறுத்துவார்கள். சசிரேகா தலையாட்டவில்லை. அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"உங்க பான் கார்டு வேணுமேம்மா?" என்றார் மேடம்.

நான் முந்திக்கொண்டு, "அவங்களாண்ட அதெல்லாம் கெடையாது மேடம். நாம அப்ளை பண்ணி…" என்று இழுப்பதற்குள், டேபிள் மேல் ஒரு பான் கார்டு வந்து விழுந்தது. பளபளவென்று. போட்டோவில் சசிரேகா லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ எடுத்தே?"

"போன வருஷமே. எதுக்குனா உதவும்னு."

வாடகை எவ்வளவு என்று மேடம் கேட்டார். "எட்டாயிரம்" என்றேன். சசிரேகா நோட்டை ஒரு பக்கம் திருப்பினாள்.

"நம்ம தெருவுல மூணு ரூம் வூடு பன்னண்டாயிரம் போவுது மேடம். தெருக்கோடி வூட்ல போர்டு மாட்டிக் கீது, பதிமூணுன்னு."

"மார்க்கெட் ரேட் போட்டாதான் சந்தேகம் வராது," என்றார் மேடம்.

"வாடகை ஏற ஏறத்தானண்ணே வரி குறையும்!" என்றான் நம்பிராஜன், வாய் நிறைய பஃப்ஸோடு.

அதுவும் சரிதானே. பாக்கெட் என் பாக்கெட். பன்னிரண்டாயிரமே போடட்டும். அட்வான்ஸ் மூன்று மாசம், முப்பத்தாறாயிரம். "வெளியாளுங்கன்னா அஞ்சு மாசம் வாங்கறாங்க மேடம். இவரு தெரிஞ்சவரு," என்றாள் சசிரேகா. நானும் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

பிறகு மேடம் ஷரத்துகளைப் படித்தார். பிரதி மாதம் ஐந்தாம் தேதிக்குள் வாடகை. மின்கட்டணம் வாடகைதாரர் பொறுப்பு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வெளியாட்களைத் தங்கவைக்க உரிமையாளர் சம்மதம் வேண்டும். காலி செய்வதற்கு ஒரு மாத நோட்டீஸ். பதினோரு மாத ஒப்பந்தம். 'உரிமையாளர்' என்ற இடத்தில் சசிரேகா கையெழுத்துப் போட்டாள். 'வாடகைதாரர்' என்ற இடத்தில் நான். வாடகை என்ற சொல்லில் கடைசியில் 'கை' இருக்கிறது. கொடுக்கிற கை வாடும் என்பதால்தான் அந்தப் பெயர் என்று அப்போது எனக்குப் படவில்லை.

மே மாதம் ஐந்தாம் தேதி. பன்னிரண்டாயிரத்தை போனிலேயே அவள் கணக்குக்குத் தட்டிவிட்டேன். அட்வான்ஸ் ஏற்கெனவே போயிருந்தது. சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டேன்.

"சசி, அந்தப் பன்னண்டாயிரத்தை நாளைக்கு எடுத்து வச்சிடு. பைக்குக்கு இன்ஷூரன்ஸ் கட்டணும்."

"எந்தப் பன்னண்டாயிரம்?"

"அதான், காலைல போட்டேனே."

"அது வாடகைங்க."

"வாடகைதான். சும்மா பேப்பருக்குப் போட்ட வாடகை."

சசிரேகா நோட்டை எடுத்தாள். பிரித்தாள். படித்தாள். "'போன பணம் போனதுதான். திரும்பி வந்துச்சுன்னா அது வாடகை இல்ல, நாடகம்.' வக்கீலம்மா சொன்னது. நீங்க தல ஆட்டினீங்க. நான் பாத்தேன்."

"அது அவங்க சொல்றது…"

"ஏங்க, நாளைக்கு ஆபீசருங்க வந்து கேட்டா நான் பொய் சொல்லணுமா? உங்களுக்கு ஒண்ணுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

குரல் தழுதழுத்தது. என் மேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன். நெகிழ்ந்ததில் பன்னிரண்டாயிரம் போனது. பைக் இன்ஷூரன்ஸுக்கு நம்பிராஜனிடம் கைமாற்று வாங்கினேன். அவனிடம் காரணம் சொல்லவில்லை.

ஜூனில் என் தம்பி குடும்பத்தோடு நாலு நாள் வருவதாகப் போன் செய்தான். நான் வழக்கம்போல, "வாடா, என் வூடு கீது!" என்றேன். போனை வைத்ததும் சமையலறையிலிருந்து ஒரு குரல்.

"பலராமன் சார்."

நான் திரும்பிப் பார்த்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. மகள் வேலூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

"வெளியாளுங்க தங்கறதுன்னா ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும் சார். ஷரத்துல கீது."

"இன்னா சசி வெளாட்டு? அவன் உன் கொழுந்தன்!"

"அவரு தாராளமா வரட்டும். நான் வேணாம்னா சொன்னேன்? கேக்கணும்னுதான் சொன்னேன்."

கேட்டேன். சம்மதம் கிடைத்தது. தம்பி வந்தான், மூக்கு முட்டச் சாப்பிட்டான், போனான். போகும்போது "அண்ணி தங்கம்ணே" என்றான். தங்கம்தான். அதனால்தான் விலை ஏறிக்கொண்டே போகிறது.

ஜூலையில் நான் திருப்பி அடித்தேன். வாடகை கொடுப்பவனுக்குக் கடமை மட்டும்தானா, உரிமை கிடையாதா? பாத்ரூம் குழாய் மூன்று மாசமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதை நான் சரிசெய்வேன் என்று சொல்லி மூன்று மாசம் ஆகிறது என்பது வேறு விஷயம். ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன்: 'வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு, தங்கள் வீட்டின் குழாய் ஒழுகுகிறது. உடனடியாகப் பழுதுபார்க்கவும். தவறினால் வாடகையில் கழித்துக்கொள்ளப்படும். இப்படிக்கு, வாடகைதாரர்.' சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு ஷிஃப்ட்டுக்குப் போனேன். அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டே சீட்டு பார்த்தேன்.

சாயங்காலம் வந்தால் குழாய் சொட்டவில்லை. புதுக் குழாய். பளபளவென்று. மேஜையில் என் கடிதத்துக்குப் பின்பக்கம் பதில்: 'புகார் கிடைத்தது. பழுது நீக்கப்பட்டது. நன்றி.'

வெற்றிப் புன்னகையோடு நாற்காலியில் சாய்ந்தேன். "சசி, காபி."

பதில் இல்லை.

"சசி, காபி!"

"ஓனராண்ட கேக்கறீங்களா, பொண்டாட்டியாண்ட கேக்கறீங்களா?"

"இதுல இன்னா வித்தியாசம்?"

"காலைல லெட்டர் ஓனருக்கு வந்துது. 'உரிமையாளர் அவர்களுக்கு'ன்னு. அப்போ நீங்க வாடகைக்காரர். வாடகைக்காரருக்குக் குழாய் உண்டு. காபி ஷரத்துல இல்ல."

அன்று பேக்கரி வரைக்கும் நடந்துபோய்க் காபி குடித்தேன். மேலே சந்திரலேகா மேடத்தின் ஆபீசில் லைட் எரிந்தது. ஏறிப் போய்க் கேட்கலாமா என்று பார்த்தேன். ஆலோசனைக்கு ஐநூறு ரூபாய். அந்த மாதம் என்னிடம் இல்லை.

ஆகஸ்டில் வாசலில் செங்கல் வந்து இறங்கியது. மணல் வந்தது. கொத்தனார் வந்தார். நான் கீழே நின்று, "யாரைக் கேட்டு?" என்று கத்தினேன். கொத்தனார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஓனரம்மா சொன்னாங்க. நீங்க கீழ் போர்ஷனா சார்?" என்றார்.

சசிரேகா வெளியே வந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள்.

"மேல பாத்ரூம் கட்டறேங்க. ரெண்டு வருஷமா உங்களாண்ட கேட்டுக்கினு இருந்தேன். 'என் வூட்ல எப்ப இன்னா கட்டணும்னு எனக்குத் தெரியும்'னு சொல்லிக்கினே இருந்தீங்க. இப்போ அட்வான்ஸ் கீது, நாலு மாச வாடகை கீது. போதும்."

"அது என் பணம் சசி!"

அவள் சிரிக்கவில்லை. கொட்டிக்கிடந்த மணலைக் காலால் ஓரம் தள்ளினாள்.

"ஒண்ணு சொல்லட்டா? அன்னிக்கு வக்கீலம்மா 'வீடு யாரோடது'ன்னு கேட்டப்போ, நீங்க என்னைக் கை காட்டி 'இவங்க வூடு'ன்னு சொன்னீங்க. வரிக்காகத்தான் சொன்னீங்க, எனக்குத் தெரியும். ஆனா எங்கப்பா எழுதிக் குடுத்து இருவது வருஷத்துல உங்க வாயால அதைக் கேட்டது அன்னிக்குத்தான். வூட்டுக்கு வர்ற வழியெல்லாம் எனக்கு எப்டி இருந்துது தெரியுமா?"

தையலில் தப்பு கண்டுபிடிக்கிறவனுக்குத் தன் தையல் எங்கே என்று தெரியாமல் போனால் இப்படித்தான் நிற்க வேண்டும். பிறகு ஒரு சட்டி மணலை எடுத்து மாடிப்படியில் வைத்தேன். "கூலி கேக்காதீங்க," என்றாள்.

செப்டம்பரில் மாடிக்குக் குடி வந்தார்கள். சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலைசெய்கிற இரண்டு பெண்கள். அதில் மாரிசெல்வி என்பவள் சங்கரன்கோவில்காரி, வாய் ஓயாது. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நீங்களும் வாடகைக்குத்தான் இருக்கீகளா?"

யாரோ ரசீதுப் புத்தகத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

"ம்."

"எம்புட்டு குடுக்கீக?"

"பன்னண்டு."

"பன்னண்டா! எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்தே ஆறுதான். சாப்பாட்டோடயா?"

"சாப்பாட்டோடதான். புகார் குடுக்காத நாள்ல."

"அப்பச் சரி," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீகளே? ஓனரக்கா வீட்டுக்காரர் எங்க வேலை பாக்காக? வந்ததுல இருந்து நாங்க பாக்கவே இல்லையே."

நான் பைக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அன்று அந்த பைக் பளபளத்த மாதிரி ஷோரூமில்கூடப் பளபளத்ததில்லை.

இப்படியே ஓடியது. ஐந்தாம் தேதி வரும். வாடகை போகும். ரசீது வரும். ரசீதின் கீழே 'மிக்க நன்றி' என்று இருக்கும். ஜனவரியில் கம்பெனியில் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். வருஷத்துக்கு மொத்தமாக மிச்சமாகிற வரி இருபத்தோராயிரம். வாடகையாகப் போனது அதுவரை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நம்பிராஜனிடம் காட்டினேன். அவன் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, எங்கம்மை மாசாமாசம் பணத்தைத் திருப்பிக் குடுத்துருவா. மதினி குடுக்க மாட்டாகளா?" என்றான். உண்மையாக இருக்கிற மனைவியைக் கட்டியவனுக்கு வருகிற கஷ்டம் அவனுக்கு எப்படித் தெரியும்? இன்னும் கல்யாணம் ஆகாதவன்.

பிப்ரவரி ஒன்றாம் தேதி, சனிக்கிழமை. டிவியில் பட்ஜெட். புது வரி முறையில் பன்னிரண்டு லட்சம் வரை வருமான வரி இல்லை என்று அறிவிப்பு வந்தது. நான் சோபாவிலிருந்து எழுந்து குதித்தேன். நாட்டில் எத்தனையோ பேர் சந்தோஷப்பட்டிருப்பார்கள். என் அளவுக்கு யாரும் பட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கெல்லாம் வரியிலிருந்துதான் விடுதலை. எனக்கு வாடகையிலிருந்தே விடுதலை.

"சசி! இங்க வா! ஏப்ரல்ல இருந்து எனக்கு வரியே கெடையாது. அதனால வாடகையும் கெடையாது. கிழிச்சுப் போடு அந்த அக்ரிமென்ட்டை!"

சசிரேகா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். டிவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வாடகை எதுக்குக் குடுத்தீங்க?"

"வரிக்கு."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. வரிக்காகக் குடுத்தீங்களா, வூட்ல இருந்ததுக்காகக் குடுத்தீங்களா? வரிக்காகத்தான்னா, கம்பெனில குடுத்த ரசீதெல்லாம் பொய்யின்னு ஆயிடும். வக்கீலம்மா அன்னிக்கே சொன்னாங்க."

டிவியை அணைத்தேன்.

"வூட்ல… இருந்ததுக்காக."

"ஏப்ரல்ல வேற எங்கனா இருக்கப் போறீங்களா?"

அப்போதுதான் எனக்குள்ளே இருந்த ஆண்மகன் விழித்தான். இருபது வருஷம் தூங்கிவிட்டு விழித்ததால் கொஞ்சம் தள்ளாடினான்.

"ஆமா! இருக்கப் போறேன்! காலி பண்றேன்! எழுதிக்கோ, ஒரு மாச நோட்டீஸ்!"

"எழுத்துல குடுங்க," என்றாள் சசிரேகா. பேனாவும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு சுவரைப் பார்த்தாள். "நீங்க டிவி பாக்க சாயற எடத்துல எண்ணெய்க் கறை கீது. பெயின்ட்டுக்கு அட்வான்ஸ்ல நாலாயிரம் கழிச்சுக்குவேன்."

மறுநாள் ஞாயிறு. ஒரு சூட்கேஸோடு ஷேர் ஆட்டோ மாறி மாறி சுங்குவார்சத்திரம் போய் இறங்கினேன். உடனே ஒரு ரூம் பார்த்துக் காட்டினால்தான் அவள் பயப்படுவாள், பயந்தால்தான் கூப்பிடுவாள் என்பது என் கணக்கு. டீக்கடைக்கு எதிரே ஒரு லாட்ஜ். மாத வாடகைக்கு ரூம் உண்டு. ஓனர் கோபால் என்பவர், மடித்துக் கட்டிய வேட்டியோடு லெட்ஜரின் முன் உட்கார்ந்திருந்தார்.

"ரூம் கீது. நாலாயிரத்து ஐநூறு. ஆதார் குடுங்க, கம்பெனி ஐடி குடுங்க. முன்னாடி இருந்த ஓனர் நம்பர் குடுங்க. போன் பண்ணி விசாரிக்காம நான் யாருக்கும் சாவி குடுக்கறதில்ல."

"ஓனர் நம்பரா? அது எதுக்கு?"

"போன மாசம் ஒருத்தன் ஃபேனைக் கழட்டிக்கினு பூட்டான் சார்."

கொடுத்தேன். வேறு வழி? அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம்மா. சுங்குவார்சத்திரம் லாட்ஜ்ல இருந்து பேசறேன். பலராமன்னு ஒருத்தரு ரூம் கேக்கறாரு. உங்க வூட்ல இருந்தவரா?"

"ஆமாங்க. பத்து மாசமா வாடகைக்கு இருக்காரு," என்றது சசிரேகாவின் குரல், ஒரு பிசிறு இல்லாமல்.

"ஆள் எப்டி?"

"வாடகை தேதி தவறாது. அதுல குறையே சொல்ல மாட்டேன்."

என் நெஞ்சு நிமிர்ந்தது.

"தண்ணி கிண்ணி?"

"அய்யோ, அந்த தைரியம்லாம் கெடையாதுங்க."

நெஞ்சு இறங்கியது.

"வேற எதுனா?"

"கொறட்டை விடுவாரு. பக்கத்து ரூமுக்குக் கேக்கும், கொஞ்சம் ஓரமா ரூம் குடுங்க. ஈரத் துண்டைக் கட்டில் மேலயே போடுவாரு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பளம் இல்லன்னா மூஞ்சிய தூக்கிக்குவாரு. முதுகுல இடது பக்கம் அரிக்கும், கை எட்டாது, ஒரு குச்சி வாங்கி வச்சிக்கச் சொல்லுங்க."

கோபால் லெட்ஜரை மூடினார். என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"இன்னா சார் இது? ஓனரம்மாவுக்கு உங்க முதுகு அரிப்பு வரைக்கும் தெரிஞ்சிக் கீது? இது குடும்பஸ்தங்க இருக்கற லாட்ஜு. அந்தம்மா வூட்டுக்காரரு இங்க வந்து ரகளை பண்ணாருன்னா?"

"வூட்டுக்காரர் வரமாட்டாருங்க."

"எப்டி சொல்றீங்க?"

"நான்தாங்க அந்த வூட்டுக்காரர்."

அவருக்குப் புரிய ஐந்து நிமிஷம் ஆனது. புரிந்ததும் ஆதாரைத் திருப்பிக் கொடுத்தார். சிரிப்பை அடக்க அவர் எடுத்துக்கொண்ட முயற்சியில் லெட்ஜரே குலுங்கியது. "சம்சாரத்துக்கு வாடகை குடுத்தவரை இப்பதான் சார் பாக்கறேன். புருஷன் பொண்டாட்டி விவகாரம்னா நான் ரூம் குடுக்க மாட்டேன். தப்பா நெனைக்காதீங்க. டீ சாப்ட்டுப் போங்க. காசு வேணாம்."

டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் மாரிசெல்வி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சூட்கேஸைப் பார்த்ததும், "அண்ணாச்சி, ஊர்ல இருந்தா வாரீக?" என்றாள்.

உள்ளே போனேன். சசிரேகா காபி கொண்டுவந்து வைத்தாள். சூடாக. கேட்காமலே.

"சசி, போதும். இந்த ஓனர், வாடகைக்காரன் எல்லாம் வேணாம். நான் ஒத்துக்கறேன். இது உன் வூடு. இனிமே யார் கேட்டாலும் அப்டித்தான் சொல்வேன். நான் உன் புருஷன், அவ்ளோதான். புருஷனாவே இருந்துட்டுப் போறேன்."

அவள் முகம் மலர்ந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்தாள். "நிஜமாவா?"

"நிஜமா."

"எனக்கும் அதாங்க ஆசை. புருஷனா இருந்தா வாடகையே வேணாம். ஒரு பைசா வேணாம்."

"சசி!"

"வாடகைக்காரர்னா பன்னண்டாயிரம் குடுத்தா போதும். மிச்சத்தை இன்னா பண்றீங்கன்னு கேக்கற உரிமை எனக்கு இல்ல, நானும் கேட்டதில்ல. புருஷன்னா அப்டி இல்லையே. எங்கம்மாவாண்ட எங்கப்பா குடுத்த மாதிரி, சம்பளம் வந்ததும் மொத்தமா என் கைல குடுத்துடுங்க. ஏடிஎம் கார்டும் இங்கயே இருக்கட்டும். உங்களுக்கு வேணும்ங்கறதை நான் பாத்து பாத்துக் குடுக்கறேன்."

காபியில் பாதி குடித்திருந்தேன். மீதியைக் குடிக்கும் வரை யோசித்தேன். சட்டத்தை யோசித்தேன், சம்பளத்தை யோசித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பேனா குடு," என்றேன்.

அவள் புது ஒப்பந்தத்தையும் சேர்த்தே எடுத்து வைத்தாள். வாடகை பதிமூன்றாயிரம் என்று டைப் அடித்து, சந்திரலேகா மேடம் சீல் வைத்து, பட்ஜெட்டுக்கு நாலு நாள் முன்னாலேயே தயாராக இருந்தது.